அக்காவுக்குக் கொண்டுபோன மலாயாச் சொற்கள்

எங்கள் ஐயா பின்னேரம் தோட்டத்தால் வந்து, கால் முகம் கழுவி, விபூதி பூசி, விறாந்தைக் கதிரையில் சாயும்போது ஒருநாளும் தவறாமல் "கதிரை வேலா" என்று ஒரு பெருமூச்சு விடுவார். பெற்ற தகப்பனைத்தான் நாங்கள் ஐயா என்போம், நாற்காலியைக் கதிரை என்போம். கதிர்காமத்துக்குக் கதிரை என்றும் ஒரு பேர் உண்டென்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆனபடியால் முருகப்பெருமான் உலகத்திலுள்ள கதிரைகளுக்கெல்லாம் காவல் தெய்வம் என்று எட்டு வயதுவரை மனதார நம்பியிருந்தேன். எங்கள் வீட்டில் இருந்தது ஒரேயொரு கதிரை. பாய் மட்டும் உள்ள வீட்டுக்காரர் களைத்து வந்தால் எந்தச் சாமியைக் கூப்பிடுவார்கள் என்று கவலைப்பட்டதும் உண்டு.

அந்த நம்பிக்கையை ஒரு நொடியில் உடைத்தவர் மலாயா மாமி.

இரண்டாவது பெரிய யுத்தத்துக்குச் சில வருடம் முந்தின கதை இது. கொக்குவிலில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு மாமியுடையது. இரத்த உறவு கிடையாது, வேலி உறவுதான். அவருடைய புருஷனுக்கு மலாயா ரெயில்வேயில் கிளாக்கர் உத்தியோகம். மாமியும் கனகாலம் அங்கேயே இருந்துவிட்டு, இங்கே கிடந்த வீட்டுக்கு ஓடு போடுவிக்கவென்று அந்தப் பங்குனியில் தனியே வந்து இறங்கியிருந்தார். வீட்டிலே பூப்போட்ட சாரம் உடுத்துவார். வாயில் வெற்றிலை, வெற்றிலையோடு சேர்ந்து தமிழும் மலாய்ப் பாஷையும் கலந்து வரும். ஊர்ப் பெண்கள் அந்தச் சாரத்தைப் பற்றி வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தார்கள். ஆனால் பின்னேரமானால் அவர் வீட்டுக் கோப்பியைக் குடிக்க ஒருத்தியும் தவறவில்லை.

இரண்டு வளவுக்கும் நடுவேயிருந்த வேலியில் ஒரு பொட்டு இருந்தது. பெரியவர்கள் அதற்குள் குனிந்து போவார்கள். நான் ஓடியே போவேன். ஒருநாள் மாமி அந்தப் பொட்டுக்கு அப்பால் நின்று என்னைப் பார்த்து, "மாரி, மாரி" என்று கையைக் காட்டினார். நான் வானத்தைப் பார்த்தேன். சித்திரை வெயில் முகத்தில் அடித்தது. முற்றத்தில் அம்மா பிளந்து காயப்போட்ட பனங்கிழங்கு ஒடியல் கலகலவென்று கிடந்தது.

"மழை எங்கை மாமி? இப்ப கோடையெல்லே."

மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவங்கடை பாஷையிலை மாரி எண்டால் வா எண்டு அருத்தமடி பிள்ளை. என்ரை நாக்கு இன்னும் கப்பலாலை இறங்கேல்லை. வா இஞ்சை."

எங்கள் மாரி எப்படி மாமி அங்கே போய் வேறையாகிப் போச்சுது என்று கேட்டேன்.

"அது போகேல்லை. அவங்கடை மாரி அவங்கடை, எங்கடை மாரி எங்கடை. முகந்தான் ஒண்டு. ஏன், உங்கடை ஐயா சாயிற கதிரையைப் பாரன். அது பறங்கி கொண்டுவந்து போட்டிட்டுப் போன சொல்லு. சாமியின்ரை கதிரை வேறை. ரெண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை."

நான் திரும்பி வந்து விறாந்தையில் நின்று கதிரையைப் பார்த்தேன். யாரோ ஒரு வேற்றாள் எங்கள் சாமியின் பேரைச் சொல்லிக்கொண்டு இவ்வளவு காலமும் வீட்டுக்குள் குந்தியிருந்ததுபோல் இருந்தது.  குசினிக்குள் ஓடி அக்காவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்.

அக்காவுக்கு அப்போது பதினாறு, பதினேழு இருக்கும். வகுப்பில் முதலாம் பிள்ளை. பெரியபிள்ளை ஆனதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கத் தலைமை உபாத்தியாயரே வீட்டுக்கு வந்து, கோப்பி குடித்து, தோட்டத்து வெங்காயத்தைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். பிறகு அவளுக்குக் குசினி, கிணற்றடி, பூமரங்கள், சாமியறை. வாசல் படலை வரையும் போவதில்லை. ஒருநாளும் முறுமுறுத்ததில்லை. எங்கள் ஐயா நாலு பேர் இருக்கும் இடத்தில் "என்ரை மூத்தவள் வாயில்லாப் பிள்ளை" என்று பெருமையாகச் சொல்வார்.

அந்த வாயில்லாப் பிள்ளை நான் சொன்னதைக் கேட்டுத் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

"வேறையும் இருக்கோ? ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வா. நான் கேட்டதெண்டு சொல்லாதை."

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு உத்தியோகமாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தை எறிந்துவிட்டுப் பொட்டாலே பாய்வேன். மாமி ஒன்றிரண்டு சொல் தருவார். மறந்துவிடுமே என்ற பயத்தில் அதை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டு, எதிரே யார் வந்தாலும் பதில் சொல்லாமல், குசினிக்குள் போய் அக்காவின் காதில் போடுவேன். எங்களுக்கு இனி என்றால் இதற்குப் பிறகு. அவர்களுக்கு இனி என்றால் இந்தா இருக்கிற இது. நாங்கள் இது என்று கிட்ட இருப்பதைக் காட்ட, அவர்கள் அதையே கொஞ்சம் அழுத்திச் சொல்லித் தூரத்தில் நிற்கிற தென்னையைக் காட்டுவார்கள். அதைச் சொன்ன அன்று அக்கா அகப்பையால் அடுப்பையும் வேலியையும் மாறிமாறிக் காட்டி, இது, இது என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் இரண்டு பேரும் சோற்றுப்பானை பொங்கி வழிந்ததைக் காணாமல் சிரித்தோம்.

கோயில் குருக்களை நாங்கள் ஐயர் என்போம். மலாயாவில் அது தண்ணீர். மாமி விக்கல் எடுத்தால் ஒரு செம்பு ஐயர் கொண்டுவரச் சொல்லுவார். நந்தி என்பதுபோல் ஒரு சொல், அதற்குப் பொறு என்று அருத்தம். அதைக் கேட்டதும் எனக்கே ஒரு கண்டுபிடிப்பு வந்தது: எல்லாச் சிவன் கோயிலிலும் நந்தி பொறுத்துக்கொண்டுதானே கிடக்கிறார். மாமி என்னைத் தூக்கி வெற்றிலை வாயால் கொஞ்சினார். அந்தச் சிவப்பு இரண்டு நாளாகக் கன்னத்தில் இருக்க, நான் கழுவவில்லை.

இன்னொரு நாள் அவர் வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தபோது மாமி ஒரு போடு போட்டார். அங்கே தாலி என்றால் கயிறாம்.

"இஞ்சை எங்களைக் கட்டுறது, அங்கை மாட்டைக் கட்டுறது. கிட்டத்தட்ட ஒரு கருத்துத்தான்."

எல்லாரும் குலுங்கிச் சிரித்தார்கள். அம்மா மட்டும், "வாயைக் கழுவுங்கோ, பச்சைப் பிள்ளை நிக்குது" என்று என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வழியில் பொட்டடியில் அவளும் சிரித்ததை நான் கண்டேன்.

ஐயாவுக்கு இந்தச் செய்தி எட்டியபோது அவருக்குத் தமிழ்ப்பற்று கிளம்பிவிட்டது. ஒருநாள் பின்னேரம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்திருக்க, அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"உதெல்லாம் எங்கடை பாஷைதான். அந்தக் காலத்திலை கப்பலிலை போன சனம் கொண்டுபோய்க் குடுத்தது."

"கப்பல் எண்ட சொல்லு போனது மெய்தான் அண்ணை. கடை எண்டதும் போனதுதான். கப்பலை அவங்களும் கப்பல் எண்டுதான் சொல்லுவாங்கள். அது பிரயாணம் போன சொல்லு. ஆனால் குடா எண்டால் அவங்களுக்குக் குதிரை. நாங்கள் குடாநாட்டுச் சனம் எண்டு சொன்னால், எல்லாரும் குதிரையிலை திரியிறம் எண்டெல்லோ நினைப்பாங்கள்."

ஐயா "கதிரை வேலா" என்று கதிரையில் சாய்ந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினேன். கதவுக்குப் பின்னால் அக்கா முன்றானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அக்கா பிரயாணம் போன சொற்களை ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு உறவும் இல்லாமல் இங்கேயும் அங்கேயும் தனித்தனியே பிறந்து, முகம் மட்டும் ஒத்திருக்கிற சொல்லாய்ப் பார்த்துக் கொண்டுவரச் சொன்னாள். கண்ணுக்கு அவர்கள் மாதா என்பதுபோல ஒன்று சொல்வார்கள் என்று நான் கொண்டுபோன அன்று அவள் கிணற்றடியில் நின்றாள். பெற்ற தாயைச் சொல்லும் சொல் கண்ணாகி இருக்கிறதே, இது மட்டும் சும்மா ஒத்துப்போனதாய் இராது என்றேன்.

"இதுவும் சும்மாதான். சும்மா வந்தபடியால்தான் இவ்வளவு வடிவு" என்றாள் அக்கா. வாளியைப் பாதிக் கிணற்றில் தொங்கவிட்டாள். "நான் இஞ்சை நிண்டு நாளாந்தம் கதைக்கிற கதையெல்லாம், எங்கையோ ஒரு ஊரிலை வேறை என்னவோ சொல்லிக்கொண்டு இருக்குது. என்ன?"

நான் ஓம் என்றேன். எனக்கு அதில் அதிசயமாய்ப் பட்டது சொல். அவளுக்கு அந்த ஊர்.

வைகாசியில் ஒருநாள் மாமி சேலை உடுத்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு வந்தார். பொட்டாலே வருகிறவர் படலையாலே வந்தால் அது பெரிய காரியம் என்று எனக்கே தெரிந்தது. ஓடு போடுவிக்க வந்ததாகச் சொன்னது பாதிதான். மற்றப் பாதி, புருஷனுடைய தம்பிக்குப் பெண் தேட. அவருக்கும் அங்கேயே ஒரு தோட்டக் கந்தோரில் கணக்கெழுதுகிற வேலை. வாசிக்கத் தெரிந்த பெண்தான் வேண்டும், மற்றது பெரிசில்லை என்று எழுதியிருந்தாராம்.

இங்கேதான் ஐயா இரண்டு மாட்டுக்கு நடுவே நுகத்தடி போல அகப்பட்டுக்கொண்டார். அவருடைய தமக்கை தெல்லிப்பழையில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகனுக்குத்தான் எங்கள் அக்கா என்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே பேச்சு. அந்த மச்சானும் குறை சொல்ல முடியாத மனிதர். புகையிலைத் தோட்டம், நல்ல சோடி மாடு. வரும்போதெல்லாம் ஒரு கடகம் கத்தரிக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டு, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். தமக்கை சொல்லைத் தட்டவும் ஐயாவால் முடியவில்லை. மலாயா மாப்பிள்ளையைத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "கடல் தாண்டி என்ரை பிள்ளையை விடமாட்டன். ஒரு காய்ச்சல் தலையிடி எண்டாலும் முகம் பாக்கக் கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கண்ணைத் துடைத்தாள். அக்காவைக் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அவள் வெளிப்பட ஒன்றும் சொல்லாவிட்டாலும், அடுப்பை ஊதும்போது வாய்க்குள்ளே இனி, மாரி, குடா என்று சொல்லிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அங்கே கலியாணமான பெண்களையும் படிக்க விடுவார்களா என்று மாமியிடம் கேட்டு வரச் சொன்னாள். விடுவார்கள், ராச் சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சமைத்துவிட்டால் போதும் என்று மாமி சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட அன்று அக்கா எனக்கு இரண்டு தரம் தலை பின்னினாள். முதல் தரம் பின்னியதை மறந்துபோனாள்.

தெல்லிப்பழை என்றால் என் சொல் உத்தியோகம் முடிந்தது. மலாயா என்றால் அக்கா போய்விடுவாள், ஆனால் சொற்கள் வந்துகொண்டே இருக்கும். எட்டு வயதில் எனக்கு அந்தக் கணக்கு அவ்வளவுதான்.

கடைசியில் ஐயா, "பிள்ளையார் சொல்லட்டும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இப்படி முடிவு காணாத காரியத்துக்குக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். வாழையிலையில் ஒரே அளவாக மடித்துக் கட்டிய இரண்டு சரை. ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. ஐயர் அவற்றைச் சாமியின் காலடியில் வைத்துப் பூசை செய்வார். பருவமடையாத ஒரு பெண்பிள்ளை போய் ஒன்றை எடுக்கும். அதைப் பிரித்து நிறத்தைப் பார்த்தால் அதுதான் தீர்ப்பு. எடுக்காததைப் பிரிக்கக் கூடாது. சாமி வேண்டாமென்று தள்ளியதைக் கிளறுவது பிழை. வெள்ளை வந்தால் மலாயா, சிவப்பு வந்தால் தெல்லிப்பழை என்று தீர்மானித்தார்கள். எடுக்கிற பிள்ளை நான்தான் என்றும் தீர்மானித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை விடியுமுன்னே எழும்பிக் குளித்துவிட்டேன்.  இட்டலி இறங்கவில்லை. அப்போது பார்த்து ஒரு தடங்கல். பெற்ற தாயின் கைதான் சரை கட்டவேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார். அம்மாவோ மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குள் போய் ஒதுங்கிவிட்டாள். வீட்டுக்குத் தூரம் என்று பெண்கள் தள்ளி இருக்கும் நாட்களில் பூவையும் தொடமாட்டார்கள், சாமியறைக்கும் போகமாட்டார்கள். ஐயா முற்றத்தில் நின்று தாடியைச் சொறிந்தார்.

"அப்ப, இன்னொரு நாளைக்குப் பாப்பமே?"

"நாள் பாத்த காரியம், தள்ளிப்போடாதேங்கோ" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மூத்தவளே கட்டட்டும். அவளுக்குப் பாவம், என்ன தெரியும்."

"அதுவும் சரிதான். அவளுக்கு ஒரு விருப்பு வெறுப்பும் இல்லைத்தானே" என்றார் ஐயா.

எங்கள் வளவில் சிவப்புச் செவ்வரத்தையும் நின்றது, வெள்ளைச் செவ்வரத்தையும் நின்றது. அக்கா தலை முழுகி, ஈரம் சொட்டப் பூப் பறித்துக்கொண்டு சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது தட்டத்தில் இரண்டு சரை. ஒரே அளவு, ஒரே வாழைநார், ஒரே முடிச்சு. எது எது என்று நான் கெஞ்சினேன்.

"வெளியிலை பாத்தால் தெரியாது. அதுக்குத்தானே கட்டுறது" என்றாள். 

கோயிலில் மலாயா மாமி ஒரு பக்கம், தெல்லிப்பழை மாமி மறுபக்கம். இரண்டு பேரும் கண்ணை மூடி, கைகூப்பி, ஒரே பிள்ளையாரிடம் நேர்மாறான இரண்டு காரியத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஐயர் அபிஷேகத்துக்குக் குடத்தைச் சரித்தபோது, ஐயர் ஐயரை ஊற்றுகிறார் என்று எனக்குத் தோன்றி, சிரிப்பு அடக்கமுடியாமல் வந்தது. ஐயா முறைத்தார். மணி அடித்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.  பிள்ளையாரே, நீரே என் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக் கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன்.

ஐயர் நாரை அவிழ்த்தார். வெள்ளை.

மலாயா மாமி தலைக்கு மேலே கைகூப்பினார். ஐயா விழுந்து கும்பிட்டார். தெல்லிப்பழை மாமிதான் முதலில் அசைந்தவர். "அவர் சொல்லிப்போட்டார். இனி ஆர் என்ன கதைக்கிறது" என்று தம்பியின் தோளில் கை வைத்தார். பெரிய மனது அது.

ஐயா மற்றச் சரையை என் கையில் தந்து, பிரிக்காமல் கோயில் வில்வமரத்தடியில் வைத்துவிட்டு வரச் சொன்னார். நான் அப்படியே கொண்டுபோய் வேரடியில் வைத்துக் கும்பிட்டேன். திரும்புவதற்குள் எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து வாழையிலையைக் கவ்வி இழுத்தது. நான் சூ என்று கையை ஓங்கினேன். நார் அறுந்து சரை விரிந்தது. உள்ளே கிடந்ததும் வெள்ளைப் பூ.

நான் பார்த்துக்கொண்டு நிற்கவே ஆடு பூவைத் தின்று, இலையைத் தின்று, நாரையும் தின்றுவிட்டு என்னை ஒருமுறை பார்த்துப் போய்விட்டது.

 என்ன நடந்ததென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் கை தவறிச் சிவப்பை எடுத்துவிட்டாலும் காரியம் கெடக்கூடாதே என்று, பிள்ளையார் பூசை நேரத்தில் அந்தச் சிவப்பையும் வெள்ளையாக்கியிருக்கிறார். கண்ணால் கண்ட அற்புதம். எங்கள் கோயிலில், என் முன்னால். ஒருவருக்கும் காத்திராமல் வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா கிணற்றடியில் நின்றாள். வெள்ளை, வெள்ளை என்று கத்திக்கொண்டு போய், அவள் காதைப் பிடித்து அற்புதத்தையும் சொன்னேன். வாளிக்கயிறு அவள் கையை விட்டுச் சரசரவென்று ஓடித் தண்ணீரில் போய் விழுந்தது. 

"ஆரும் பாத்தவையோ?"

"ஆடு மட்டும்தான்."

அவள் என்னை ஈரக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 

"ஆட்டுக்குத் தெரிஞ்சால் காரியமில்லை. நீ ஒருத்தருக்கும் சொல்லாதை என்ன. அற்புதத்தைச் சொல்லித் திரிஞ்சால் சாமி கோவிப்பார்."

நான் சொல்லவில்லை. ஆவணியில் மாப்பிள்ளை லீவில் வந்தார், கலியாணம் நடந்தது, கொக்குவில் ஸ்ரேசனில் அக்காவை ரெயில் ஏற்றினோம். அங்கே போய் அவள் படித்தாள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தாள். சண்டைக் காலத்தில் ஒரு சேதியும் இல்லாமல் நாங்கள் தவித்ததும், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அறிந்து ஐயா கோயிலைச் சுற்றிப் பிரதட்டை செய்ததும் தனிக்கதை. நானோ வளர்ந்து, கலியாணம் செய்து, பிள்ளை பெற்ற பிறகும் என்னுடைய அற்புதத்தை ஒரு அட்டிகையைப் போல உள்ளே பூட்டி வைத்திருந்தேன். துன்பம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

பிறகு என் மூத்த மகளின் சம்பந்தத்துக்குப் பூக்கட்டிப் பார்க்கிற காலம் வந்தது. சாமியறையில் வாழையிலைத் துண்டும் பூவுமாகத் தனியே குந்தியிருந்தேன். எது நடந்தால் அவளுக்கு நல்லது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதற் சரையில் வெள்ளையை வைத்துக் கட்டினேன். இரண்டாவதற்கு என் கை தானாக மறுபடியும் வெள்ளைப் பக்கமே போயிற்று. கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அக்கா சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது அந்த நிமிஷந்தான் எனக்கு விளங்கியது. தனியே இருந்து சிரித்தேன். பிறகு சிவப்பை எடுத்துக் கட்டினேன். அது வேறு விஷயம்.

சிரித்து ஓயுமுன்னே இன்னொன்றும் வந்து நின்றது. அந்த வெள்ளிக்கு முந்தின வெள்ளி, அம்மா தலை முழுகி, சின்ன அறையை விட்டு வெளியே வந்து, எங்களோடு கோயிலுக்கும் வந்தவள். ஒரு கிழமைக்குள் மறுபடியும் எந்தப் பெண்ணும் ஒதுங்குவதில்லை. உடம்புக்கு வருத்தம் என்றால் மருந்து கொடுக்கப் பரியாரி வந்திருப்பார், ஒருவரும் வரவில்லை. ஐயாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஆண்களுக்குத் தெரியாது. கடல் தாண்டி விடமாட்டேன் என்று ஊரெல்லாம் கேட்க அழுதவள், பூ அக்காவின் கைக்குப் போகட்டும் என்று தானே எழும்பிப்போய் அந்த இருட்டறைக்குள் இருந்திருக்கிறாள். அவர்கள் இருவரும் முன்கூட்டியே கதைத்து வைத்துக்கொண்டார்களா, கதைக்காமலே விளங்கிக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது. அம்மா அப்போது உயிரோடில்லை. அக்காவிடம் கடிதத்தில் கேட்கிற காரியமும் இல்லை அது. பிள்ளையாரை ஏமாற்றினார்கள் என்று மட்டும் நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவருக்குத் தெரியாமல் அவர் காலடியில் ஒரு சரை இருக்க முடியுமா. அவரும் ஒத்துக்கொண்டுதான் பேசாமல் இருந்திருக்கிறார்.

அக்காவுக்குப் பூக்கட்டிய அந்த வெள்ளி மத்தியானம் நடந்ததையும் சொல்லவேண்டும். அக்காவை விட்டு நான் நேரே சின்ன அறைக் கதவடிக்குத்தான் ஓடினேன். வெள்ளை வந்திட்டுது அம்மா என்றேன். எல்லாரும் அந்த ஒரு சரையைப் பற்றித்தான் கதைத்தார்கள். அம்மா ஒருத்திதான் கேட்டாள்.

"மற்றச் சரை எங்கை?"

"ஆடு திண்டிட்டுது அம்மா."

 "பிள்ளையாரே" என்றாள். பிறகு உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. தான் கேட்ட சிவப்பு வராமல் தோற்றுப்போனாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. கிட்டப் போய்த் தொடவும் கூடாது. தேற்றுவதற்கு என் கையில் வேறு என்ன இருந்தது. கதவுக்கு வெளியே குந்தியிருந்து, எனக்குத் தெரிந்த மலாயாச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாரி என்றால் வா. ஐயர் என்றால் தண்ணீர். மாதா என்றால் கண். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொன்றையும் எனக்குப் பின்னால் மெல்லத் திருப்பிச் சொன்னாள். பிழைவிட்டால் மறுபடி கேட்டுத் திருத்தினாள். போகப்போகிறது அக்காவல்லவா, அம்மா ஏன் இதையெல்லாம் பாடமாக்குகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே அடுத்த சொல்லைச் சொன்னேன்.